கூட்டுப் பகையை இனங்கண்ட கஸ்டெல்லானி

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பது நம்மவர் நாவில் நாளும் பயின்றுவரும் பழமொழி. துன்பம் துணையோடு வரும் என்பதை உணர்த்த எழுந்த இம்மொழி, நோயின் இயல்பைப் பொறுத்தவரையில் எழுத்துக்கு எழுத்து மெய்யாகும். ஊவா மாகாணத்திலே, பதுளை நகருக்குத் தென்கிழக்கே, இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது நமுனுகுல மலை. அதன் சாரலிற் பரந்துள்ள தேயிலைத் தோட்டங்களில், ஈர மண்ணிலே நாள் முழுதும் நின்று கொழுந்து பறிப்போரின் கால்விரல் இடுக்கிலே முதலில் தோன்றுவது சேற்றுப்புண். அது பூஞ்சணத்தின் வேலை. தோல் ஊறி வெடித்ததும், அவ்வெடிப்பின் வழியே பற்றீரியாக் கிருமிகள் உட்புகுகின்றன. சில நாளிற் கால் சிவந்து வீங்குகிறது, காய்ச்சலும் காய்கிறது. பார்ப்பவர் வீக்கத்தைக் காண்பர். வாயிலைத் திறந்துவிட்ட பூஞ்சணத்தைக் காணார். பட்ட காலிலே மறுபடியும் படுவதன் காரணம் இதுவே.

ஓர் உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் ஒருங்கே குடியேறி நோய் விளைத்தலைக் கலப்புத் தொற்று என்பர். அக்கூட்டத்துள் முதல்வன் எவன், துணைவன் எவன், வெறும் வழிப்போக்கன் எவன் என்று பிரித்தறிவது எளிதன்று. அதற்கு வழிகண்டவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர் அல்டோ கஸ்டெல்லானி. இத்தாலியரான இவர், 1903 முதல் 1915 வரை கொழும்பிலே அரசாங்கப் பற்றீரியாவியல் அறிஞராகப் பணிபுரிந்தார். சேற்றுப்புண்ணை விளைக்கும் பூஞ்சணங்களுள் இன்று உலகெங்கும் பெருகிக் காணப்படுவதை 1910ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்டவரும் இவரே. அறிவாற் சிறந்து, அன்னியர் பலருக்கு உதவி, பின்னர் வரலாற்றின் கடுந்தீர்ப்புக்கும் ஆளான இம்மனிதரின் வாழ்க்கை, மருத்துவர்க்கு மட்டுமன்றி மற்றையோர்க்கும் பாடமாக அமைவது.

இரண்டு சகோதரரும் ஒரு சாட்சியும்

கஸ்டெல்லானி 1874ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். அந்நகரிலேயே வைத்தியம் பயின்று 1899இற் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியிலுள்ள பான் நகருக்குச் சென்று, வால்தர் குரூஸ் என்னும் பேராசிரியரிடம் கிருமியியல் கற்றார். கிருமியால் நோயுற்றவனுடைய குருதியின் தெளிநீர், அக்கிருமிகளைத் திரண்டு ஒட்டச்செய்யும் என்பது அந்நாளில் புதிதாக அறியப்பட்டிருந்தது. நெருப்புக்காய்ச்சலை இனங்காண வைத்தியர்கள் இச்சோதனையைக் கையாண்டனர். எனினும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. சில நோயாளரின் தெளிநீர் நெருப்புக்காய்ச்சற் கிருமியையும் திரட்டியது. அதற்கு உறவான வேறொரு கிருமியையும் திரட்டியது. உடலிற் புகுந்தவை இரண்டா, அன்றி ஒன்றுதானா?

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். உருவிலே ஒத்த சகோதரர் இருவரை ஒரு சாட்சியின் முன் நிறுத்துகின்றோம். இருவரையும் தனக்குத் தெரியும் என்கிறான் அவன். அவன் உண்மையில் இருவரையும் சந்தித்திருக்கலாம். அல்லது மூத்தவனை மட்டும் சந்தித்து, முகச்சாயலால் இளையவனையும் அறிந்தவனாக எண்ணியிருக்கலாம். எப்படித் துணிவது?

இளைஞரான கஸ்டெல்லானி கண்ட உபாயம் எளிமையானது. தெளிநீரிலே முதற் கிருமியை மிகுதியாகச் சேர்த்து, அதனைப் பற்றக்கூடிய பிறபொருளெதிரிகளையெல்லாம் அக்கிருமிகளே உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தார். பின் அக்கிருமிகளை நீக்கிவிட்டு, எஞ்சிய நீரை இரண்டாவது கிருமியோடு சேர்த்துப் பார்த்தார். அதனையும் திரட்டும் ஆற்றல் அற்றுப் போயிருந்தால், உடலிற் புகுந்தது முதற் கிருமி ஒன்றே. இரண்டாவதைத் திரட்டியது வெறும் முகச்சாயலால். அவ்வாற்றல் அழியாது நின்றால், உண்மையில் இரண்டுமே புகுந்திருக்கின்றன. கலப்புத் தொற்றிலே திரட்டும் இயல்பையும் அத்தொற்றை அறியும் முறையையும் பற்றி 1902ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட ஆய்வுரை, உறிஞ்சற் சோதனை என்ற பெயரால் நிலைபெற்றது. நெருப்புக்காய்ச்சற் கிருமியின் குடும்பமாகிய சல்மொனெல்லாவில் 2,500க்கு மேற்பட்ட வகைகளைப் பிற்கால அறிஞர் பகுத்தமைக்கு அடிப்படையாக நின்ற முறை இதுவே.

உகண்டாவில் நேர்ந்த மயக்கம்

கூட்டத்தில் உண்மையான குற்றவாளியைப் பிரித்தறிய வழி வகுத்தவரே, அவ்வாண்டிலேயே, வேறொரு கூட்டத்தின் நடுவில் மயங்கி நின்றார் என்பது வரலாற்றின் விளையாட்டு. லண்டனில் பற்றிக் மான்சன் என்னும் பேரறிஞரின் கீழ்ப் பயின்ற கஸ்டெல்லானி, 1902ஆம் ஆண்டில் றோயல் சங்கம் அமைத்த ஆய்வுக்குழுவில் ஒருவராக உகண்டாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே விக்டோரியா ஏரிக்கரையில் உறக்க நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்துக்கொண்டிருந்தது.

இறக்கும் தறுவாயிலிருந்த நோயாளரிடமும் இறந்தோரின் உடலிலும் அவர் கண்டது ஸ்திரெப்டோகொக்கஸ் என்னும் சங்கிலி வடிவான பற்றீரியா. அங்கோலாவில் ஆராய்ந்த போர்த்துக்கேயக் குழுவினரும் இதனையொத்த கிருமியையே முன்னர்க் கண்டிருந்தனர். ஆகவே நோய்க்குக் காரணம் இதுவே என அவர் கருதினார். எனினும், 1902 நவம்பரில் ஒரு நோயாளியின் முண்ணாணைச் சூழ்ந்த நீரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குகையில், துள்ளித் திரியும் வேறோர் உயிரினத்தைக் கண்டார். அதுதான் திரிப்பனோசோமா. 1903ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டேவிட் புரூஸ் உகண்டாவை வந்தடைந்தபோது இச்செய்தியை அவரிடம் கஸ்டெல்லானி தெரிவித்தார். ஆபிரிக்கக் கால்நடை நோயொன்றில் அதே இனத்து உயிரியை முன்னரே கண்டிருந்த புரூஸ் அதன் முக்கியத்துவத்தை உடனே உணர்ந்தார். கண்டுபிடித்த பெருமை யாரைச் சாரும் என்ற வழக்கு அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

ஆனால் நமக்கு வேண்டியது அவ்வழக்கின் தீர்ப்பன்று. ஸ்திரெப்டோகொக்கஸ் அங்கே எவ்வாறு வந்தது என்பதே சிந்திக்கத்தக்கது. அது கண்மயக்கமன்று, உண்மையாகவே அவ்வுடல்களில் இருந்தது. திரிப்பனோசோமா நோயாளியின் காப்பு வலிமையைச் சீர்குலைத்துவிட, அரண் இடிந்த கோட்டைக்குள் பிற்படை நுழைவதுபோல் பற்றீரியா நுழைந்தது. முன்னே தெரிந்தவன் பின்னே வந்தவன். பின்னே மறைந்து நின்றவனே முன்னே வந்தவன். கண்ணுக்கு முதலில் அகப்படும் கிருமியே காரணமாகிவிடாது என்ற இப்பாடத்தைச் சுமந்துகொண்டுதான் கஸ்டெல்லானி இலங்கைக்குக் கப்பலேறினார்.

பறங்கிப் புண்ணின் மெல்லிய இழை

கொழும்பிலே அவர் எதிர்கொண்ட நோய்களுள் தலையாயது பறங்கிப் புண். வன்னி முதலிய உலர்ந்த நிலப்பகுதிகளில் வாழ்ந்த ஏழைக் குடியானவரை, சிறப்பாகச் சிறுவரை, இந்நோய் வாட்டியது. உடலெங்கும் புண்ணாகி, எலும்பும் கெட்டு, முகமும் அழிந்தோர் பலர். 1881ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் தலைமை வைத்திய அதிகாரியான கின்சி இதுபற்றி விரிவான அறிக்கை வெளியிட்டிருந்தார். காரணம் மட்டும் அறியப்படவில்லை.

திறந்த புண்ணிலிருந்து ஒரு துளி எடுத்து நோக்கினால் அங்கே ஒரு சந்தையே கூடியிருக்கும். உருண்டைக் கிருமிகள், கோற்கிருமிகள், தடித்த சுருட்கிருமிகள் எனப் பலவகை உயிர்கள் அதில் நெளியும். உகண்டாவில் பெற்ற பாடம் இங்கே கைகொடுத்தது. வெடித்துத் திறந்த புண்ணை விட்டு, இன்னும் தோல் கிழியாத கொப்புளத்தை அவர் நாடினார். வெளியுலகத்துக் கிருமிகள் அங்கே புக வழியில்லை. அவ்விடத்தில் தனித்து நின்றது, மிக நுண்ணிய இழைபோன்ற ஒரு சுருட்கிருமி. 1905ஆம் ஆண்டில் இதனைக் கண்டு, மிக மெல்லியது என்று பொருள்படும் இலத்தீன் அடைமொழியால் பெயரிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஷவ்டினும் ஹொஃப்மனும் மேகநோய்க் கிருமியைக் கண்டனர். இரண்டும் நெருங்கிய உறவினர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அவ்வளவில் அவர் அமைந்துவிடவில்லை. அச்சுருட்கிருமியைக் கொண்ட நீரைக் குரங்குகளுக்கு ஏற்றியபோது நோய் தோன்றியது. அதே நீரை வடிகட்டிக் கிருமியை நீக்கியபின் ஏற்றியபோது தோன்றவில்லை. சந்தைக் கூட்டத்திலிருந்து குற்றவாளி ஒருவனைக் கைப்பிடியாகப் பிடித்து நிறுத்தியது போன்றது இச்சோதனை. 1910இல் வெளிவந்த சால்வர்சான் என்னும் மருந்தும், பின்னர் பெனிசிலினும் பறங்கிப் புண்ணை அடக்க உதவின. குறி எது என்று தெரிந்தபின்னரன்றோ அம்பு பயன்படும்!

இக்காலத்திலேயே கலப்புத் தடுப்பு மருந்தையும் அவர் ஆக்கினார். நெருப்புக்காய்ச்சற் கிருமியோடு, அதனையொத்த காய்ச்சலை விளைக்கும் வேறிரண்டு கிருமிகளையும் கொன்று, ஒரே ஊசியில் ஏற்றலாமா என்பது அவர் எழுப்பிய வினா. மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று அஞ்சியோர் இருந்தனர். உடல் மூன்று பகைவரையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ள வல்லது என அவருடைய சோதனைகள் காட்டின. முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் படையினர்க்கு இத்தகைய கலப்பு மருந்து ஏற்றப்பட்டது. இன்று நம் குழந்தைகளுக்கு ஒரே ஊசியிற் பல நோய்களுக்குக் காப்பளிக்கிறோம்; அவ்வழியில் முதலடிகளுட் சில கொழும்பில் எடுத்துவைக்கப்பட்டவை.

தேயிலைத் தூளும் இருமலும்

கஸ்டெல்லானியின் கவனம் தேயிலைத் தொழிலின்மீதும் சென்றது. நமுனுகுலவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பறித்த கொழுந்து, தொழிற்சாலையில் வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்து, சலிக்கப்பட்டுத் தேயிலையாகிறது. சலிக்கும் அறையிலே நுண்ணிய தூள் புகைபோல் எழும். அத்தூளை ஆண்டுக்கணக்காகச் சுவாசித்தவர்களுக்கு விடாத இருமல் பிடித்தது. கொழும்புக்கு வந்துசேர்ந்த தேயிலையை மூக்கருகிற் கொண்டு முகர்ந்து தரம் பிரித்த வல்லுநர்களுக்கும் அவ்விருமல் வந்தது. தொழிலாளியின் நெஞ்சையும் துரைமாரின் நெஞ்சையும் ஒன்றெனக் கருதிய நோய் அது.

இருமுகின்றவன் கசரோகியே என்று முடிவுகட்டும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. கோழையை எடுத்து வளர்த்துப் பார்த்தார். தேயிலைத் தூளில் வாழும் பூஞ்சணங்களும், பற்றீரியாக்களும் அதிற் கலந்திருந்தன. தேயிலைத் தொழிற்சாலை இருமல், தேயிலை சுவைப்போர் இருமல் என்று அவற்றுக்குப் பெயரிட்டு மருத்துவ நூலிலே இடமளித்தார். சுவாசப்பையில் நோய் விளைக்கும் மதுவ இனங்கள் பலவற்றையும் இக்காலத்தில் விவரித்தார். அவற்றுள் ஒன்றுக்குத் தம் ஆசிரியர் குரூஸின் பெயரைச் சூட்டினார். வெப்பவலயத்தின் பெயர் பூண்ட மற்றொன்று, இன்று மருத்துவமனைகளிலே, நோயாளியின் உடலிற் செருகிய குழாய்களில் பற்றீரியாவோடு கூடிப் படலமாகப் படிந்து, மருந்துக்கு எளிதில் இணங்காது நிற்பதாக அறியப்பட்டிருக்கிறது.

இவ்வனுபவங்களையெல்லாம் திரட்டி, இலங்கை வைத்தியக் கல்லூரியின் பதிவாளராக இருந்த அல்பேர்ட் சாமர்ஸ் என்பவரோடு சேர்ந்து, வெப்பவலய மருத்துவம் பற்றிய கைந்நூலொன்றை 1910இல் வெளியிட்டார். 1913இலும் 1919இலும் அது விரிந்த பதிப்புகளாக வந்தது. வெப்பநாடுகளின் வைத்தியர்க்கெல்லாம் அது துணையாயிற்று. குறையும் இல்லாமலில்லை. சிறிது வேறுபாடு கண்டவிடத்தெல்லாம் புதிய இனம் என்று பெயரிடும் ஆர்வம் அவரிடம் மிகுந்திருந்தது. அவர் இட்ட பெயர்களுட் பல பிற்கால ஆராய்ச்சியில் உதிர்ந்துபோயின. எஞ்சி நின்றவையோ இன்றும் பாடநூல்களில் வாழ்கின்றன.

இருவர் கூடினால் மூன்றாவது செயல்

1915ஆம் ஆண்டில் இலங்கையை விட்டு நீங்கிய கஸ்டெல்லானி, நேப்பிள்ஸ் நகரிற் பேராசிரியரானார். போருக்குப் பின் லண்டனிலும், பின்னர் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திலும், ரோமிலும் கற்பித்தார். 1920களின் நடுப்பகுதியில் அவர் கண்ட ஓர் உண்மை கலப்புத் தொற்றின் உட்பொருளைத் தொடுவது. சர்க்கரையொத்த ஒரு பொருளில் நெருப்புக்காய்ச்சற் கிருமியைத் தனியே வளர்த்தால் அமிலம் தோன்றும், வாயு தோன்றாது. வேறொரு குடற்கிருமியைத் தனியே வளர்த்தாலும் வாயு தோன்றாது. இரண்டையும் ஒரே குழாயில் இட்டாலோ வாயு குமிழியிட்டு எழும். முதலாவது கழித்துவிட்ட அமிலத்தை இரண்டாவது பிடித்து வாயுவாக மாற்றுகிறது. தனித்தனியே எவரும் செய்யாத ஒன்றை இருவரும் கூடிச் செய்துவிடுகின்றனர்.

கிருமிகள் கூடிவாழும் வகைகளை இன்று நாம் இன்னும் விரிவாக அறிவோம். ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாகிறது. ஆழ்ந்த புண்ணிலே ஒருவகைப் பற்றீரியா ஒட்சிசனை உண்டு தீர்த்துவிட, ஒட்சிசன் பட்டால் மடியும் வேறொருவகை அங்கே அச்சமின்றிப் பெருகுகிறது. வெப்பநாட்டுத் தொழிலாளரின் கால்களை அரித்த ஆறாப்புண்களிற் கோற்கிருமியும் சுருட்கிருமியும் சேர்ந்தே காணப்பட்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை ஒரு கிருமி சுரந்தால், அந்நொதியில்லாத அயற்கிருமியும் அதன் நிழலில் உயிர்தப்புகிறது. மருந்தால் இறக்கவேண்டியது இறவாமை கண்டு வைத்தியர் திகைப்பர்.

1918ஆம் ஆண்டின் பெருஞ்சளிக்காய்ச்சல் இதற்குக் கொடிய சான்று. இலங்கையையும், அதன் தோட்டங்களையும் அது கடுமையாகத் தாக்கியது. ஒடுங்கிய லயங்களில் நெருங்கி வாழ்ந்தோரிடையே இத்தகைய நோய் பரவ வழிதேட வேண்டியதில்லை. உலகெங்கும் அன்று மாண்டோரிற் பெரும்பாலாரின் உயிரைப் பறித்ததில், வைரசு புண்படுத்திய சுவாசப்பையிற் குடியேறிய பற்றீரியாக்களுக்குப் பெரும் பங்குண்டு என்பது, பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த உடற்கூறுகளை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று. வாயிலை உடைத்தவன் ஒருவன், கொள்ளையிட்டவன் மற்றொருவன்.

மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. 1930இல், தாம் வளர்த்த மதுவத் தட்டிலே அழையாத விருந்தாளியாக ஓர் அமீபா வந்து, மதுவத்தை உண்பதைக் கஸ்டெல்லானி கண்டார். மாசுபட்டது என்று தட்டை எறிந்துவிடாமல் அதனை ஆராய்ந்தார். அவ்வமீபா இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நிமோனியாவை விளைக்கும் லெஜியோனெல்லா என்னும் பற்றீரியா, அவ்வமீபாவின் இனத்துள்ளே புகுந்து, செரிக்கப்படாமல் பெருகுகிறது என்று 1980ஆம் ஆண்டில் அறியப்பட்டது. உண்ணவந்தவனின் வயிற்றிலேயே ஒளிந்து வாழும் கிருமிக்கு, மனித உடலின் காவலணுக்களை ஏமாற்றுவது அரிதன்று.

கூடா நட்பு

கிருமிகளின் கூட்டுறவை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர், மனிதரின் கூட்டுறவில் அந்நுட்பத்தைக் கைக்கொள்ளவில்லை. முசோலினியின் ஆட்சியில் அவர் உயர்ந்த மதிப்புப் பெற்றார். பிரித்தானிய அரசு 1928இற் கௌரவ நைற் பட்டம் அளித்தது. அவர் மகள் 1934இல், எகிப்திலிருந்த பிரித்தானிய உயர் பிரதிநிதி மைல்ஸ் லாம்ப்சனை மணந்தாள். ஆயினும் 1935இல் இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுத்தபோது, அப்படையின் மருத்துவப் பணிகளுக்கெல்லாம் தலைமை தாங்கிச் சென்றவர் கஸ்டெல்லானி. படைவீரர் நோயால் மாளாதவாறு திறம்படக் காத்தார். அதற்காகப் பிரபுப் பட்டமும் பெற்றார். அவர் நலங்காத்த அப்படையே எத்தியோப்பிய மக்கள்மீது நச்சுவாயுவைப் பொழிந்தது. நோயைத் தடுத்த கை, அநீதிக்கு வலுவூட்டிய கையாகவும் ஆயிற்று. ஆபிரிக்க ஏரிக்கரையில் உறக்க நோயாளரின் படுக்கையருகே நின்ற இளைஞரை எண்ணும்போது, இம்முடிவு நெஞ்சை வருத்தாமற் போகாது.

இரண்டாம் உலகப் போரின் பின் இத்தாலியில் முடியாட்சி ஒழிந்தது. 1946இல் நாடு நீங்கிய அரச குடும்பத்தைப் பின்தொடர்ந்து அவர் போர்த்துக்கல் சென்றார். லிஸ்பன் நகரின் வெப்பவலய மருத்துவ நிறுவனத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நுண்ணுயிர்களும் மனிதரும் மன்னரும் என்று பொருள்படும் தலைப்பில் 1960ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1971 அக்டோபர் 3ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.

திருவள்ளுவர் சிற்றினஞ் சேராமைக்கும் கூடா நட்புக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். தனியே நிற்கையிற் பெருந்தீங்கு செய்யாதது, தகாத துணையோடு கூடுகையிற் பெருங்கேடு விளைக்கும் என்பதைக் கஸ்டெல்லானியின் சோதனைக் குழாய் காட்டியது; அவருடைய வாழ்க்கையும் காட்டியது. அவர் செய்த பிழையை மறைப்பது நேர்மையன்று. அப்பிழையைச் சுட்டி அவர் தந்த அறிவைத் தள்ளுவதும் அறிவுடைமையன்று.

அவ்வறிவு இன்றும் நம் தோட்டங்களுக்கு வேண்டியதாகவே இருக்கிறது. வீங்கிய காலுக்கு ஊசி போட்டனுப்பும் வைத்தியர், விரலிடுக்கையும் விரித்துப் பார்க்கவேண்டும். சேற்றுப்புண்ணுக்கென்று கஸ்டெல்லானி கூட்டிய செந்நிறப் பூச்சுமருந்து பூஞ்சணத்தையும் பற்றீரியாவையும் ஒருங்கே தாக்குவது. அவர் கருத்து முழுவதும் அம்மருந்துக் குப்பிக்குள் அடங்கியிருக்கிறது எனலாம். ஆயினும் ஈரம் உலர இடமில்லாத லயத்து அறையும், காலுறையோ நல்ல பாதணியோ இல்லாத வேலைநாளும், தூய்மையற்ற பீலித் தண்ணீரும் அப்படியே இருக்குமாயின், ஆறிய கால் மறுபடியும் புண்ணாகும். கிருமிக் கூட்டத்தின் மூத்த துணைவன் நுணுக்குக்காட்டிக்குத் தெரிவதில்லை. அவன் பெயர் வறுமை.